கரும்பு வண்டிகளும் ஒரு 3 நிமிடப் படமும்

(நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செய்திமடல் குழுவினர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

 

வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பி.காம். ஆள் நான். இந்த மனுஷன் கார்ட்டூனைப் பற்றி என்ன பேசப் போகிறார் என்று லிஃப்டில் வரும்போதே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நான் பேசப் போவது டிவியில் ஓடும் கார்ட்டூனைப் பற்றி அல்ல. நம் சி பிளாக்கில் ஒரு வீட்டுப் பெண், டிசைன் கல்லூரியில் அனிமேஷன் கடைசி வருடம் படிக்கிறாள். போன மாதம் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தாளே, பார்த்திருப்பீர்கள். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரிசையில் நின்ற காலத்தை நேரில் பார்த்தவர்கள், அரை மணி நேரம் பேச வர முடியுமா என்று கேட்டிருந்தாள். கடைசி வருடப் படத்துக்கு அதுதான் அவளுடைய விஷயம்.

நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் எப்படியும் முப்பது பேர் இருப்போம். பேச வருகிறேன் என்று சொன்னது இரண்டே பேர். "எங்களுக்கு என்னம்மா தெரியும்", "யூடியூபில் பாரேன்" என்று மற்றவர்கள் அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அவள் கல்லூரியில் கதைப்பலகையைக் காட்ட வேண்டும். குரல்கள் கிடைக்காவிட்டால் வேறு விஷயம் எடுத்துக்கொள் என்று வழிகாட்டி ஆசிரியர் சொல்லிவிட்டாராம். இதைக் கேட்ட பிறகுதான் நான் செயலாளரிடம் போய், எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டேன்.

முதலில் அந்தத் தொழிலைக் கொஞ்சம் சொல்கிறேன். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நூறு நோட்டுக் கட்டை இடது கையில் மடித்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் ஓரத்தைத் தட்டிக்கொண்டே போவோம். எல்லாம் ஒரே நோட்டு என்றால் கண்ணுக்கு ஒரே படம் நிற்பது போல இருக்கும். நடுவில் ஒன்று தலைகீழாக இருந்தால் ஒரு துள்ளல் தெரியும், அங்கே கை நின்றுவிடும். இப்போது அந்த நூறு தாளிலும் ஒரு பையனின் கால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே வருகிற மாதிரி வரைந்து வைத்து, அதே போலத் தட்டிப் பாருங்கள். பையன் நடப்பான். அனிமேஷனுக்கு அடிப்படை இவ்வளவுதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ரஃப் நோட்டின் மூலையில் செய்து பார்க்கலாம். பாட நோட்டு வேண்டாம், அம்மா என்னைத் திட்டுவார்.

இனி கணக்கு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 படம் போதும். 3 நிமிடம் என்றால் 180 விநாடி. ஆக 2,160 படங்கள். நாளைக்கு 20 படம் என்று வைத்துக்கொண்டாலும் 108 நாள். இது ஒரே ஒரு உருவத்துக்குத்தான். பின்னணி, வண்ணம், ஒலி எல்லாம் தனிக் கணக்கு. கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுவே போட்டுவிடாதா என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் வங்கியில் பேலன்ஸ் உதைத்தால் ராத்திரி உட்கார்ந்து வவுச்சரைத் தேடியது நாம்தானே. அது மாதிரிதான் இதுவும். மாடு எப்படித் தலையை ஆட்டும் என்பதை யாராவது பார்த்து வைத்திருந்தால்தான் கம்ப்யூட்டரில் போட முடியும்.

இவ்வளவு உழைப்பையும் எதன்மேல் கொட்டுவது என்பதுதான் மாணவர்களுக்குக் கஷ்டமான கேள்வி. ஜப்பான் படம் மாதிரி ஒன்று, அமெரிக்கப் படம் மாதிரி ஒன்று என்று போனால் அந்த ஊர்க்காரர்களோடு போட்டி போட முடியாது. நம் நாட்டில் பேர் வாங்கியவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் வீட்டுக்கு அடுத்தும் இருந்ததை எடுத்தவர்களாக இருக்கிறார்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. அந்தப் பெண் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்து பார்த்தேன்.

நீனா சப்னானி என்று ஒருவர். பரோடாவில் ஓவியம் படித்துவிட்டு, அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், என்.ஐ.டி. என்பார்கள், அங்கே அனிமேஷன் படித்தவர். பிறகு அங்கேயே இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி, அதன்பின் மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறைக்குப் போனார். 1984-ல் அவர் செய்த 'சுப் விவாஹ்' என்ற சின்னப் படம் வரதட்சணையைப் பற்றியது. பிகாரில் மதுபனிப் பெண்கள் வீட்டுச் சுவரில் போடுகிற ஓவியப் பாணியிலேயே அதை எடுத்தார். கல்யாண வீட்டுச் சுவரில் வரைகிற கோடுகளை வைத்தே கல்யாணத்தில் நடக்கும் அநியாயத்தைச் சொன்னால், பார்க்கிறவனுக்கு உறைக்கத்தானே செய்யும்.

அவருடைய இன்னொரு படம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. 'முகுந்த் அண்ட் ரியாஸ்', 2005-ல் வந்தது. 1947-ல் பிரிவினை சமயத்தில் கராச்சியில் இருந்த இரண்டு சிறுவர்களின் நட்பு. முகுந்த் வேறு யாருமல்ல, நீனாவின் அப்பாதான். ரியாஸ் அவருடைய நண்பன். குடும்பம் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டி வருகிறது, நண்பன் உதவுகிறான், கப்பல் ஏறுகிறார்கள், அதோடு பிரிந்துவிடுகிறார்கள். கதை இவ்வளவுதான். வில்லன் கிடையாது, சண்டைக் காட்சி கிடையாது. உருவங்கள் முழுக்கத் துணி. சிந்து, குஜராத் பக்கத்துப் பெண்கள் துணிமேல் துணி வைத்துத் தைக்கிற ஒட்டுத்தையல் பாணி. நம் கோயில் தேர்களில் தொங்குமே தொம்பை, அதே வகை வேலை. பழைய புடவைத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிற ஒரு கைவேலையை, துண்டு துண்டாகிப் போன ஒரு நாட்டின் கதைக்கு வைத்திருக்கிறார். அப்பா வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், மகள் காது கொடுத்திருக்கிறார். அது நடந்திருக்காவிட்டால் ரியாஸ் என்று ஒரு பையன் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. சென்னையில் உள்ள தூலிகா பதிப்பகம் இதைக் குழந்தைகள் புத்தகமாகவும் போட்டிருக்கிறது. நம் நூலக அலமாரிக்கு ஒரு பிரதி வாங்கலாம் என்று செயலாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன்.

2009-ல் அவர் எடுத்த 'டாங்கோ போலே சே' இன்னும் ஒரு படி மேலே. 'தையல் பேசுகிறது' என்று அர்த்தம். கட்ச் பகுதியில் கலா ரக்ஷா என்ற அமைப்பில் இருந்த தையல் கலைஞர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்கிறார்கள். நாலு குரல், சுமார் 12 நிமிடம். பூகம்பமும் வருகிறது, பட்டம் விடுவதும் வருகிறது. அவர்கள் தைத்ததே படத்தில் அசைகிறது. குரல்தான் இதற்கு அஸ்திவாரம். நம் சி பிளாக் பெண் இப்போது நம்மிடம் கேட்பதும் அதைத்தான்.

அடுத்து கீதாஞ்சலி ராவ். மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் படித்தவர். 2006-ல் 'பிரிண்டட் ரெயின்போ' என்று 15 நிமிடப் படம், வருடக்கணக்கில் தன் கையால் வரைந்தது. தனியாக ஒரு ஃபிளாட்டில் வாழும் வயதான பெண்மணி, ஒரு பூனை, ஒரு பெட்டி நிறைய தீப்பெட்டிகள். ஒவ்வொரு தீப்பெட்டியின் படத்துக்குள்ளும் அந்த அம்மாள் புகுந்து போய்விடுகிறார். வீடு சாம்பல் நிறத்தில் இருக்கிறது, தீப்பெட்டிக்குள் மட்டும் வண்ணம் கொட்டுகிறது. கேன்ஸ் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் 3 விருதுகள் வாங்கியது. தீப்பெட்டி லேபிள் என்றால் நமக்குச் சிவகாசிதானே நினைவுக்கு வரும். சின்ன வயதில் நாமெல்லாம் சேர்த்து வைத்து, பெரியவர்கள் குப்பை என்று தூக்கிப் போட்ட சரக்கு. இந்தப் படத்தை ஏ பிளாக்கில் தனியாக இருக்கும் நம் பாட்டிமார்களுக்கு ஒரு நாள் மதியம் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. வசனம் இல்லாத படம், மொழிப் பிரச்சினை வராது.

இஷு படேல் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். குஜராத் கிராமத்துக்காரர், என்.ஐ.டி.யில் தொடங்கி கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்குப் போனவர். 1977-ல் ஆயிரக்கணக்கான மணிகளைக் கேமராவுக்குக் கீழே பரப்பி, ஒவ்வொரு பிரேமுக்கும் கையால் நகர்த்தி நகர்த்தியே 'பீட் கேம்' எடுத்தார். மணி என்றால் ஊசியில் கோர்க்கிற பாசிமணிதான். ஐந்தரை நிமிடம். ஒன்றை ஒன்று விழுங்கி விழுங்கி உருவம் மாறிக்கொண்டே போகும். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 2015-ல் பிக்ஸார் நிறுவனத்தில் சஞ்சய் படேல் எடுத்த 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' படமும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றதுதான். அதில் ஒன்றும் பெரிய கற்பனை இல்லை. காலையில் அப்பா பூஜை செய்யக் கூப்பிடுகிறார், பையனுக்கு டிவியில் சூப்பர் ஹீரோ பார்க்க வேண்டும். இந்தச் சண்டை நடக்காத வீடு நம் மூன்று பிளாக்கிலும் உண்டா?

இந்த இடத்தில் நம் பெண்ணின் நோட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். மொத்தம் ஏழு நோட்டு. அதில் இரண்டு முழுக்க மாமல்லபுரம். நாம் எத்தனை முறை போயிருப்போம், அர்ச்சுனன் தபசு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு வந்திருப்போம். அந்தப் பாறையில் தவம் செய்கிற முனிவரைப் பார்த்து ஒரு பூனையும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும், காலடியில் எலிகள். அதை அவள் பதினெட்டுக் கோணத்தில் வரைந்திருக்கிறாள். பூனையின் வயிறு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, முதுகு எங்கே வளைகிறது என்று பக்கத்தில் குறிப்பு வேறு. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் இருக்கிறதே, அதற்கு நாலு பக்கம். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு திரும்பிக் கன்றை நக்கிக் கொடுக்கும். அந்தக் கழுத்துத் திருப்பத்தைப் பன்னிரண்டு படமாகப் பிரித்து அசைய வைத்துக் காட்டினாள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்பி கல்லில் நிறுத்தி வைத்ததை இவள் ஒரு விநாடி ஓட விட்டிருக்கிறாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

இன்னொரு நோட்டு வேடந்தாங்கல். படாளம் கூட்டு ரோட்டில் இறங்கித்தான் உலகமே வேடந்தாங்கலுக்குப் போகிறது, நாம் வருடத்துக்கு ஒரு தடவை போனால் பெரிது. கூழைக்கடா தண்ணீரில் இறங்கும்போது முதலில் காலை நீட்டுகிறதா, இறக்கையை விரிக்கிறதா? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவள் மூன்று சீசன் காலையில் போய் உட்கார்ந்து வரைந்து வைத்திருக்கிறாள்.

சரி, சோறு போடுமா? இதைக் கேட்காமல் என்னைக் கீழே இறங்க விட மாட்டீர்கள், எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். வேலை இருக்கிறது. சினிமா மட்டும் இல்லை. விளம்பரம், பாடப் படங்கள், மருத்துவ விளக்கப் படங்கள், போனில் விளையாடும் கேம் என்று நிறைய இருக்கிறது. ஆனால் அரசு வேலை மாதிரி நிலையானது அல்ல. 'லைஃப் ஆஃப் பை' படத்தில் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. இரண்டு வாரம் கழித்து அதே புலிக்கு ஆஸ்கர் கிடைத்தது. தொழிலின் லட்சணம் இதுதான். தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். கோடு போட வராத பிள்ளையை, கணக்கு வரவில்லை என்பதற்காக இதில் தள்ளக் கூடாது. கோடு போட வருகிற பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பையன் இன்ஜினியரிங் சேர்ந்தான் என்பதற்காகத் தடுக்கவும் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: என்.ஐ.டி. இளநிலைப் படிப்புக்கும், ஐ.ஐ.டி.க்களில் டிசைன் படிக்க எழுதும் யூசீட் தேர்வுக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். காமர்ஸ் பிள்ளைகளும் எழுதலாம். பக்கத்தில் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரியிலும் அனிமேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது.

பணம் என் பழைய டிபார்ட்மென்ட். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை அரசின் உத்தரவாத நிதித் திட்டத்தில் வந்தால் சொத்து ஈடோ, மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. 4 லட்சம் வரை நம் பங்கு என்று எதுவும் போட வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும், அது தனிவட்டி. முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள், பிறகு மூச்சு விடலாம். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு கட்டிய வட்டிக்கு 8 வருடம் கழிவு உண்டு. யாருக்காவது படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். டீ உண்டு, வட்டி கிடையாது.

இனி அந்தக் கரும்பு வண்டி. நான்தான் முதலில் பேசிப் பதிவு செய்தவன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். நாம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊரில் வீடு வாங்கியிருக்கிறோம். நம்மில் பாதிப் பேருக்கு ஜி.எஸ்.டி. சாலையும், செங்கல்பட்டுக்கு ரயிலும்தான் படாளம். ஆனால் இந்த வட்டாரத்துக்கு அரவை சீசன் என்றால் அது ஒரு பருவகாலம். என் வேலைக் காலத்தில் கரும்புப் பயிர்க்கடன் லெட்ஜர் எழுதியிருக்கிறேன். வெட்டு உத்தரவு எப்போது வரும் என்று விவசாயி எங்கள் கவுண்டரில் வந்து புலம்புவார். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லுவார். வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும், எடை குறைந்தால் காசு குறையும். அதனால் வண்டி வரிசையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குக் கணக்கு. அந்தப் பெண்ணுக்கு இந்த விஷயம் புதிது. வரிசை என்றால் சும்மா நிற்பது என்று நினைத்து வரைந்திருந்தாள். நான் இதைச் சொன்ன மறுநாள் கதைப்பலகையில் வண்டிக்காரரின் முகத்தை மாற்றியிருந்தாள். முன்பு தூங்கிக்கொண்டிருந்தார். இப்போது தூங்குவது போல இருக்கிறார், ஒரு கண் முன்னால் இருக்கும் வண்டியின் சக்கரத்தைப் பார்க்கிறது.

பாருங்கள், ஒரே ஒரு குமாஸ்தா சொன்ன ஒரே ஒரு விஷயம். நம் வாட்ச்மேன் அண்ணனின் மாமனார் வண்டி ஓட்டியவர் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பி பிளாக் டீச்சரம்மா, வண்டி போகும்போது பின்னாலிருந்து கரும்பு உருவியதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். உங்கள் பேரைச் சொல்லவில்லை டீச்சர், பயப்படாதீர்கள். காளையின் கழுத்து மணி, இருட்டில் வண்டிக்கு அடியில் ஆடும் அரிக்கேன் விளக்கு, ஆலைச் சங்கு, கரும்புப்பால் காயும் வாசனை, இதெல்லாம் எந்த யூடியூபிலும் இல்லை. உங்கள் தலைக்குள் இருக்கிறது. வாசனையை எப்படி வரைவாய் என்று கேட்டேன். "தாத்தா, நீங்க அதைச் சொல்லும்போது மூக்கை எப்படி வெச்சுக்கறீங்களோ, அதை வரைவேன்" என்றாள்.

நமக்குத் தெரிந்தது எல்லாம் பெரிய விஷயமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரிய விஷயத்தை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். ஆலை எவ்வளவு டன் அரைத்தது என்பது பதிவேட்டில் இருக்கும். வரிசையில் நின்றவர் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நம்மில் எண்பதைத் தாண்டியவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். இதை இந்த வருடம் கேட்காமல் எந்த வருடம் கேட்பது?

ஏற்பாடு எல்லாம் ஆகிவிட்டது. வருகிற ஞாயிறும் அதற்கு அடுத்த ஞாயிறும் மாலை 4 மணிக்கு, மொட்டை மாடிக்குப் போகும் வழியில் உள்ள நூலக அறை. சத்தம் வராமல் இருக்க அந்த நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டாம் என்று பிளம்பரிடம் சொல்லியாகிவிட்டது. கேமரா கிடையாது, குரல் மட்டும்தான். ஆகவே புடவை, சட்டை பற்றிய கவலை வேண்டாம். யாருடைய குரலையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் படத்தில் வைக்க மாட்டாள், அதற்கு ஒரு தாள் அச்சடித்து வைத்திருக்கிறாள். படிக்கட்டு ஏற முடியாதவர்கள் வீட்டு எண்ணைச் சொன்னால் அவளே வருவாள். பெயர்ப் பட்டியல் வாட்ச்மேன் மேசையில் இருக்கிறது. இன்று காலை பார்த்தபோது ஐந்து பெயர் இருந்தது. போகும்போது பேனாவை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், போன வாரம் இரண்டு காணாமல் போய்விட்டது.